தலைமாட்டில் ஐந்து டப்பா, தூக்கம் மட்டும் இல்லை: எதை வைத்துக்கொள்வது?

தலையணை_திருப்பி | மார்ச் 4, அதிகாலை 2:51

எல்லோருக்கும் வணக்கம். பதிவு போட்ட நேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும்.

வயது 41. உட்கார்ந்தே செய்யும் வேலை. பத்தரைக்குப் படுத்தால் ஒன்றரை, இரண்டு வரை உருண்டுகொண்டே இருப்பேன். அப்புறம் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். ஆறரைக்கு அலாரம் அடித்தால் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பத்தரை, பதினொன்று வரை தூங்கி வாரக் கடனை அடைத்துவிடுவேன். ஒன்றரை வருஷமாக இதே கதை.

இதற்குள் தலைமாட்டில் ஐந்து டப்பா சேர்ந்துவிட்டது. மெலடோனின் 10 மி.கி., கம்மியாக (மிட்டாய் மாதிரி மெல்லுகிற வகை). மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி. அஸ்வகந்தா, அதாவது அமுக்கரா, காப்ஸ்யூலாக. வலேரியன் என்ற மூலிகை வேர் (மூடியைத் திறந்தால் நாள்பட்ட ஈரக் காலுறை நாற்றம், பக்கத்து அறையிலிருந்து சண்டைக்கு வருகிறார்கள்). கடைசியாக, அட்டையில் பிறைநிலா போட்ட ஒரு 'உறக்கக் கலவை'.

படுக்கும்போது ஒரு கம்மி. பன்னிரண்டு வரை ஒன்றும் ஆகவில்லையென்றால் இன்னொன்று. மற்றவை மனநிலையைப் பொறுத்து.

இதில் எது உண்மையிலேயே வேலை செய்யும், எதைத் தூக்கிப் போடலாம்? 'மருத்துவரைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பார்த்தேன். "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

---

கோட்டான் | மார்ச் 4, அதிகாலை 3:08

நானும் விழித்துத்தான் இருக்கிறேன் நண்பரே. ஒரே வித்தியாசம், எனக்கு இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இரவு ஷிஃப்ட், ஒன்பது வருஷம்.

ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் தூங்கிப் பதினொன்று வரை தூங்குகிறீர்கள்? அந்தத் தூக்கம் நல்ல தூக்கமா?

---

வேர்_தேடி | மார்ச் 4, காலை 6:20

மெலடோனின் ஹார்மோன் ஐயா, அதைத் தொடாதீர்கள். அமுக்கராவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் பெயரிலேயே 'சோம்னிஃபெரா' என்று இருக்கிறது. லத்தீனில் தூக்கம் தருவது என்று அர்த்தம். இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது. எனக்கு மூன்றே நாளில் கேட்டது.

---

எண்ணிப்பார் | மார்ச் 4, காலை 8:02

பெயரில் தூக்கம் இருந்தால் போதுமென்றால் என் பெயரில் கணக்கு இருக்கிறது, நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் 41.

அமுக்கராவுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது, மொத்தம் 400 பேர். தூக்கத்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது தெளிவாகத் தெரிந்தது நாளுக்கு 600 மி.கி. அல்லது அதற்கு மேல், எட்டு வாரமாவது எடுத்தவர்களிடம். மூன்று நாளில் கேட்டது உங்கள் நம்பிக்கையாக இருக்கலாம். நம்பிக்கையும் மருந்துதான், மறுக்கவில்லை.

'பக்கவிளைவு கிடையாது' என்பதைத்தான் விட முடியாது. அமுக்கரா எடுத்துக் கல்லீரல் பாதித்த ஐந்து பேரை 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எல்லோரும் தேறிவிட்டார்கள், ஆனால் மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்புமாக வந்தவர்கள். டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. தைராய்டு அளவையும் அது ஏற்றலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது.

---

வேர்_தேடி | மார்ச் 4, காலை 8:15

கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள், ஐந்து பேரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

---

எண்ணிப்பார் | மார்ச் 4, காலை 8:19

அந்த ஐந்து பேரில் ஒருவராக இருந்தால் கோடிக்கணக்கு ஆறுதலாக இருக்காது. அரிதுதான். அரிது வேறு, கிடையாது வேறு.

---

மாத்திரைக்காரி | மார்ச் 4, மதியம் 1:40

மருந்தகத்தில் பதினாறு வருஷம் நின்ற கால் வலியோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

தலையணை அவர்களே, முதலில் உங்கள் மெலடோனின். அது தூக்க மாத்திரை மாதிரி தலையில் தட்டித் தூங்க வைக்கிற சமாசாரம் இல்லை. மூளைக்குள் பினியல் சுரப்பி, இருட்டியதும் 'ராத்திரி ஆகிவிட்டது' என்று உடம்புக்குத் தகவல் சொல்ல விடுகிற ஆள். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் மாட்டுப் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது தோல் நிறம் சம்பந்தமான பொருளை; தூக்கம் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

தகவல் சொல்கிற ஆளுக்கு வேண்டியது சரியான நேரம், பெரிய குரல் இல்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே உடம்பு தானாகச் சுரக்க ஆரம்பித்துவிடும். நீங்களோ படுக்கும்போது 10 மி.கி., பன்னிரண்டுக்கு இன்னொரு 10. உடம்பு தானாகச் சுரக்கும் அளவைப் பார்த்தால் இது ஊர்வலத்துக்கு வைக்கிற ஒலிபெருக்கி. அரை மில்லிகிராமே பலருக்குப் போதும். மிச்சம் காலை வரை ரத்தத்தில் சுற்றும். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற அந்த அலாரத்தில் இதற்கும் பங்கு இருக்கிறது.

அப்புறம், உங்கள் கம்மியில் உண்மையில் 10 இருக்கிறதா என்பதே கேள்வி. 2023இல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். மெலடோனின் இருந்தவற்றில், அட்டையில் போட்டதில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. 22 கம்மிகளில் அட்டை பொய். ஒன்றில் மெலடோனினே இல்லை. பிரிட்டனில் இது மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும் மருந்து; அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இதுவும் வெறும் உணவுச் சப்ளிமென்ட், விற்பதற்கு முன் யாரும் சோதித்து ஒப்புதல் தர வேண்டியதில்லை.

அடுத்து மெக்னீசியம். அட்டையின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். '400 மி.கி.' என்பது உப்பின் எடையா, அதிலிருக்கும் மெக்னீசியத்தின் எடையா? ஆக்சைடில் சுமார் 60 சதவீதம் மெக்னீசியம். கிளைசினேட்டில் சுமார் 14 சதவீதம்தான். அதாவது '1000 மி.கி. கிளைசினேட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் உள்ளே 140 மி.கி. மெக்னீசியம். ஆக்சைடில் நிறைய இருக்கும், ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாதது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும். உங்களுக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன்.

கடைசியாக அந்தப் பிறைநிலா டப்பா. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே டைப் செய்யுங்கள்.

---

தலையணை_திருப்பி | மார்ச் 5, அதிகாலை 1:33

வயிறு பற்றிக் கேட்காமலே புரிந்துகொண்டதற்கு நன்றி.

கோட்டான், அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். ஆனால் வந்தால் பதினொன்று வரை ஒரே தூக்கம், எழுந்தால் மனுஷனாக இருப்பேன்.

டப்பாவின் பின்பக்கம்: 'ஒரு வேளை: 2 காப்ஸ்யூல். தனியுரிமை உறக்கக் கலவை 650 மி.கி. (கிளைசின், எல்-தியானின், கெமோமில், காபா, எலுமிச்சைத் துளசி, பேஷன் பூ, 5-எச்டிபி). வைட்டமின் பி6 25 மி.கி.'

நான் ஒரு காப்ஸ்யூல்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வேளைக்கு இரண்டு என்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

---

மாத்திரைக்காரி | மார்ச் 5, காலை 11:05

இந்த அட்டையை வகுப்பில் பாடமாக வைக்கலாம்.

'தனியுரிமைக் கலவை' என்றால் மொத்த எடையைச் சொன்னால் போதும், தனித்தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் எழுத வேண்டும். அந்த வரிசையை வைத்தே கணக்குப் போடலாம். முதலில் கிளைசின். தூக்கத்துக்காகக் கிளைசினைச் சோதித்த ஜப்பானிய ஆய்வுகளில் கொடுத்தது 3 கிராம், அதாவது 3000 மி.கி. இந்தக் கலவை முழுவதும் கிளைசினாகவே இருந்தாலும் அதில் கால்வாசி கூட வராது. இரண்டாவது தியானின். இரண்டாவதாக இருப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்ட முடியாது, 325. ஆய்வுகளில் பெரும்பாலும் 200, ஆக அதற்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் பாதி அளவு எடுத்ததால் அதுவும் போச்சு. மிச்ச ஐந்தும் அட்டையில் பெயர் வருவதற்காக உள்ளே தூவப்பட்டவை என்பது என் சந்தேகம்.

பி6 தேவைக்கு மேல் மாசக்கணக்கில் போனால் கை கால் நரம்பு மரத்துப்போகலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு நாளுக்கு 12 மி.கி. தான் உச்சவரம்பு என்று 2023இல் குறைத்தது. இதில் 25. வேறு எதிலாவது பி6 சேர்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. வேறு ஏதாவது மருந்து தினமும் எடுக்கிறீர்களா?

---

தலையணை_திருப்பி | மார்ச் 5, மதியம் 12:50

பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் செர்ட்ராலைன் (மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தருகிற மாத்திரை) 50 மி.கி., எட்டு மாதமாக. அதைச் சப்ளிமென்ட் கணக்கில் சேர்க்கவில்லை.

---

மாத்திரைக்காரி | மார்ச் 5, மதியம் 12:58

பிறைநிலா டப்பாவை இன்றிலிருந்து நிறுத்துங்கள். தயவுசெய்து.

5-எச்டிபி உடம்புக்குள் போய் நேராகச் செரோடோனின் என்ற மூளை ரசாயனமாக ஆகும். செர்ட்ராலைன் செரோடோனினைச் சீக்கிரம் வடியவிடாமல் தேக்கிவைக்கும். குழாயையும் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தால் என்ன ஆகும்? படபடப்பு, நடுக்கம், வியர்வை, குழப்பம், ஜுரம். தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. உங்கள் கலவையில் அது கடைசியில் இருப்பதால் அளவு சின்னதாகத்தான் இருக்கும், பயந்துவிட வேண்டாம். ஆனால் எவ்வளவு என்று அட்டை சொல்லவில்லையே, அதுதான் பிரச்சினை.

செர்ட்ராலைனைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு தலைவலி. எழுதிக் கொடுத்தவரிடம் ஐந்து டப்பாவையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: ஃப்ளூவோக்ஸமின் (இதுவும் செர்ட்ராலைன் வகை மாத்திரை) எடுப்பவர்கள் மெலடோனினைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். கல்லீரலில் மெலடோனினை உடைக்கிற நொதியை அது அடைத்துவிடும், ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும்.

---

வேர்_தேடி | மார்ச் 5, மாலை 4:30

5-எச்டிபியும் ஒரு ஆப்பிரிக்கச் செடியின் விதையிலிருந்து எடுப்பதுதான். சரி, இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார் | மார்ச் 5, இரவு 7:15

தம்பி, நான் 71. என் கதையும் கேளுங்கள்.

படுத்தால் காலில் பூரான் ஊர்கிற மாதிரி. நீட்டினாலும் இல்லை, மடக்கினாலும் இல்லை, எழுந்து நடந்தால்தான் அடங்கும். தூக்கம் வரத்தான் மருந்து என்று சளி மாத்திரை வகையில் ஒன்று, டைஃபென்ஹைட்ரமின், யாரோ சொல்லி வாங்கிப் போட்டேன். தூக்கமும் வரவில்லை, பூரான் படையாக வந்தது. பகலில் வார்த்தை வேறு தட்டுப்பட ஆரம்பித்தது. முப்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்குப் பேத்தி பெயர் வரவில்லை.

கடைசியில் ஒரு பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன போடுகிறீர்கள்?" என்பதுதான். அந்த வகை மாத்திரை காலில் ஊர்வதை அதிகப்படுத்துமாம், வயதானவர்கள் தவிர்க்க வேண்டியதும் கூடவாம். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, பார்த்தார், 19. பொதுப் பரிசோதனையில் ரத்தசோகை இல்லை என்றுதான் வந்தது, ஆனால் சேமிப்பு காலி. இந்தக் கால் வியாதிக்கு 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பார்களாம். மூன்று மாதம் இரும்பு மாத்திரை. இப்போது வாரத்தில் ஒரு நாள்தான் பூரான் வருகிறது.

எனக்குத் தூக்கம் தந்த சப்ளிமென்ட் இரும்பு. தூக்க டப்பா எதிலும் அது இல்லை.

---

மாத்திரைக்காரி | மார்ச் 5, இரவு 8:00

ஐயா, அருமை. ஒரே ஒரு சேர்க்கை: ரத்தம் பார்க்காமல் யாரும் இரும்பை ஆரம்பிக்காதீர்கள். அது கூடினாலும் உடம்பு வெளியே தள்ளாது, உள்ளேயே படியும்.

---

இரட்டை_வால்_அம்மா | மார்ச் 6, காலை 9:10

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ஐந்து வயது இரட்டையர்கள், பத்தரை வரை ஆட்டம். பிள்ளைகளுக்கான மெலடோனின் கம்மி என்று பழ வடிவத்தில் வருகிறதே, எவ்வளவு கொடுக்கலாம்?

---

நெறியாளர் | மார்ச் 6, காலை 9:25

குழந்தைகளுக்கான அளவு இங்கே யாரும் சொல்லக்கூடாது, விதி 4. பதில்கள் அதற்குள் இருக்கட்டும்.

---

மாத்திரைக்காரி | மார்ச் 6, காலை 10:30

அளவு சொல்லவில்லை. ஆனால் ஒன்று: வீட்டில் பெரியவர்கள் கம்மி வைத்திருந்தால் அதை மருந்து மாதிரி பூட்டி வையுங்கள். அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு, பிள்ளைகள் மெலடோனினை விழுங்கியதாக 2012இல் வந்த தகவல்கள் 8,337, 2021இல் 52,563. மிட்டாய் மாதிரி செய்துவிட்டு மிட்டாய் மாதிரி தின்கிறார்களே என்றால் எப்படி? மற்றபடி குழந்தை மருத்துவரிடம்தான். ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, பகலில் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா.

---

கோட்டான் | மார்ச் 6, அதிகாலை முடிந்து காலை 10:55, தூங்கப் போகுமுன்

தலையணை அவர்களே, உங்கள் பதிலைப் படித்ததும் நான் நினைத்தது சரி என்று தோன்றுகிறது. உங்களுக்குத் தூக்கம் கெடவில்லை. இடம் மாறியிருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தூங்கி ஒன்பது மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்குகிற ஆளைத் தூக்கமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? உங்கள் உடம்புக் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பத்தரைக்குப் படுப்பது என்றால் அந்தக் கடிகாரத்துக்கு அது சாயங்காலம். சாயங்காலம் படுத்துக்கொண்டு ஏன் தூக்கம் வரவில்லை என்றால்?

ஞாயிறு பதினொன்று வரை தூங்கும்போது அந்தக் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளிவிடுகிறீர்கள். திங்கள் காலையில் அதற்கு வட்டி கட்டுகிறீர்கள்.

ஷிஃப்ட்காரனுக்கு இது கைவந்த பாடம். மெலடோனினை மாலையில் போட்டால் கடிகாரம் முன்னால் நகரும். காலையில் போட்டால் பின்னால் நகரும். வெளிச்சம் இதற்கு நேர் எதிர். நான் சொந்த அனுபவத்தில் ஒரு மாதம் தப்பான நேரத்தில் போட்டு, விடுமுறை நாளில் விடிய விடியச் சுவரைப் பார்த்தவன்.

---

எண்ணிப்பார் | மார்ச் 6, மாலை 6:12

கோட்டான் சொல்வதற்கு ஆதரவாக ஒன்று. இந்த மாதிரி கடிகாரம் பின்தங்கியவர்களை மட்டும் எடுத்து ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை, 2018இல் வெளியானது. 116 பேர், நான்கு வாரம். அரை மில்லிகிராம் மெலடோனின், தாங்கள் தூங்க நினைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. கூடவே அந்த நேரத்தில் படுத்தே ஆகவேண்டும் என்ற கட்டளை. மருந்தில்லாத போலி மாத்திரை போட்டவர்களைவிட 34 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

இதையே பொதுவாகத் தூக்கம் வராத எல்லோருக்கும் கொடுத்தால்? 2013இல் வந்த தொகுப்பாய்வில் கிடைத்தது ஏழு நிமிடம். அதே பொருள்தான். ஒரு கூட்டத்துக்கு 34, இன்னொரு கூட்டத்துக்கு 7. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017இல், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனின், வலேரியன், டிரிப்டோபன் மூன்றையும் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் வழிகாட்டியது. அதே கழகம் கடிகாரக் கோளாறுக்கு நேரம் பார்த்துக் கொடுக்கும் மெலடோனினை ஏற்கிறது. எனவே 'மெலடோனின் வேலை செய்யுமா' என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது 'உங்களுக்கு என்ன கோளாறு' என்று.

மெக்னீசியத்துக்கும் இதே கதை. 2021இல் மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தமே 151 பேர், எல்லோரும் வயதானவர்கள். 17 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள், ஆனால் சோதனைகளின் தரம் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். 41 வயதுக்காரருக்கு இதிலிருந்து என்ன சொல்வது? எனக்குத் தெரிந்து ஒன்றும் சொல்ல முடியாது.

---

குறட்டை_வீரன் | மார்ச் 6, இரவு 9:40

நான்கு வருஷம், பதினோரு டப்பா. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது என்று வந்தது. மூச்சுக்குழாய்க்குக் காற்று செலுத்தும் முகமூடி மாட்டிய முதல் ராத்திரிக்குப் பிறகு ஒரு காப்ஸ்யூல் கூடத் தேவைப்படவில்லை. கூடப் படுப்பவர்களிடம் 'நான் குறட்டை விடுகிறேனா' என்று கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

---

தலையணை_திருப்பி | மார்ச் 7, அதிகாலை 12:40

குறட்டை இல்லையாம், விசாரித்துவிட்டேன். பூரானும் இல்லை. கடிகாரம்தான் போலிருக்கிறது.

நாளை டப்பாக்களோடு மருத்துவரிடம் போகிறேன். வேறொரு மருத்துவர். ஒரு சந்தேகம்: அமுக்கராவும் செர்ட்ராலைனும்?

---

மாத்திரைக்காரி | மார்ச் 7, காலை 10:15

அதையும் அதே பையில் போட்டுக் கேளுங்கள். தூக்கக் கலக்கம் தரும் எதையும் இன்னொன்றின் மேல் அடுக்கக்கூடாது என்பது என் பொது விதி. வலேரியனுக்கும் அதேதான்; அதன் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, நாற்றம் மட்டும்தான் நிச்சயம்.

ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டு, மூன்று வாரம். ஒரு காகிதத்தில் படுத்த நேரம், எழுந்த நேரம், காலை எப்படி இருந்தது. ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் எது கேட்டது, எது கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது.

காபி எத்தனை மணிக்குக் கடைசி?

---

தலையணை_திருப்பி | மார்ச் 7, மதியம் 1:05

ஆறு மணி. பெரிய குவளை. மதியம் மூன்றுக்கு ஒன்று.

---

எண்ணிப்பார் | மார்ச் 7, மதியம் 1:11

:) இதை ஐந்து டப்பாவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும் சாமி. காபீனின் பாதி போகவே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. காபீன் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் போனது. அதிலும் வேடிக்கை, பலருக்குத் தங்கள் தூக்கம் குறைந்ததே சரியாகத் தெரியவில்லை.

மாத்திரை இல்லாத சிகிச்சை ஒன்றும் இருக்கிறது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்றது. அதன் ஒரு பகுதி 1972இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது: தூக்கம் வராவிட்டால் கட்டிலில் கிடக்காதே, எழுந்து போ, கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. முதல் வாரம் கொடுமையாக இருக்கும். கட்டிலில் கிடந்து இங்கே பதிவு போடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

---

தலையணை_திருப்பி | மார்ச் 30, காலை 7:12

மன்னிக்கவும், மூன்று வாரம் காணாமல் போய்விட்டேன்.

மருத்துவர் பையைக் கொட்டிப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் பிறைநிலாவைப் பார்த்து முகம் மாறியது. மாத்திரைக்காரி சொன்னதையே சொன்னார். அதுவும் வலேரியனும் அமுக்கராவும் போய்விட்டன. மெலடோனின் அரை மில்லிகிராம், இரவு ஒன்பதரைக்கு. அலாரம் ஞாயிறு உட்பட ஆறரை, எழுந்தவுடன் வெளியே போய் அரை மணி நேரம் நடை. காபி மதியம் பன்னிரண்டோடு சரி.

முதல் பத்து நாள் நரகம். இரண்டாவது ஞாயிறு காலை எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இப்போது பதினொன்றே முக்கால், பன்னிரண்டுக்குள் கண் சொக்குகிறது. பத்தரை இன்னும் கனவுதான், ஆனால் இரண்டு மணியைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காகிதத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். நடுவில் இரண்டு நாள் பென்சில் நழுவிய கோடு மட்டும் இருக்கிறது, எழுதும்போதே தூங்கிவிட்டேன் போல.

மெக்னீசியத்தை மட்டும் விட மனசில்லை. ஆக்சைடைத் தூக்கிவிட்டுக் கிளைசினேட் வாங்கினேன், மருத்துவரும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் போடுங்கள் என்றார். படுக்குமுன் அதை விழுங்கும்போது ஏதோ நல்லது செய்கிற மாதிரி இருக்கிறது.

---

எண்ணிப்பார் | மார்ச் 30, காலை 7:40

எது வேலை செய்தது? அரை மில்லிகிராமா, நடையா, காபியா, ஞாயிறு அலாரமா? நான்கையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிட்டீர்களே.

---

தலையணை_திருப்பி | மார்ச் 30, காலை 7:44

தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்த மாட்டேன்.

---

மாத்திரைக்காரி | மார்ச் 30, காலை 9:30

மெலடோனினை மட்டும் எவ்வளவு நாள் என்று அடுத்த தடவை கேட்டுக்கொள்ளுங்கள். காலம் முழுவதும் போடுகிற பொருளாக அதை ஆக்கிவிடாதீர்கள். தைராய்டு மாத்திரையோ சில வகை ஆன்டிபயாடிக்கோ எப்போதாவது தந்தால், மெக்னீசியம் போடுவதைச் சொல்லுங்கள். அவற்றை உறிஞ்சவிடாமல் அது பிடித்துக்கொள்ளும், சில மணி நேர இடைவெளி வேண்டும்.

---

கோட்டான் | மார்ச் 31, அதிகாலை 3:20

மூன்று மணிக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருந்தார். அவரும் போய்விட்டார்.

---

புதியவன்_2 | மார்ச் 31, அதிகாலை 3:31

சார், தூக்கமே வரவில்லை. எந்த பிராண்ட் மெலடோனின் நல்லது? 10 மி.கி. போதுமா, இல்லை 20 எடுக்கலாமா?

---

கோட்டான் | மார்ச் 31, அதிகாலை 3:32

வாங்க தம்பி, உட்காருங்க. கடைசிக் காபி எத்தனை மணிக்கு?